குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. 4 வயது மகனுக்கு ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா) வகை ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, சிகிச்சையும் தொடங்கியாகிவிட்டது. எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் "ஈடிவி6-ரன்எக்ஸ்1 பாசிட்டிவ்" என்று எழுதியிருக்கிறது. மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. கணவர் இவருக்கு அத்தை மகன். "சொந்தத்தில் கட்டினதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்கிறார்கள் உறவினர்கள். 7 வயது மகளுக்கும் வருமா, அவளுக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும் நிலையில், கடைசிப் பத்தி வரை உங்களைக் காத்திருக்க வைப்பது சரியல்ல. ரிப்போர்ட்டில் உள்ள அந்த மாற்றம் உங்களிடமிருந்தும் வரவில்லை, உங்கள் கணவரிடமிருந்தும் வரவில்லை. சொந்தத்தில் நடந்த திருமணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மகளுக்கு இதே நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள இந்த நோய் தடையும் அல்ல. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது, எந்தக் குடும்பங்களில் மட்டும் இப்படிச் சொல்ல முடியாது என்பதை இனிப் பார்க்கலாம்.

உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருப்பது ஒரு இணைவு. மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். 12-ஆம் குரோமோசோமில் ஈடிவி6 என்றொரு மரபணு இருக்கிறது, 21-ஆம் குரோமோசோமில் ரன்எக்ஸ்1. ரத்த அணுக்கள் சரியாக உருவாக இரண்டுமே தேவை. எலும்பு மஜ்ஜையில், அல்லது கருவில் இருக்கும்போது ஈரலில், ரத்த அணுக்களை உருவாக்கும் ஏதோ ஒரு செல்லில் இந்த இரண்டு குரோமோசோம்களும் உடைந்து, தவறான துண்டோடு ஒட்டிக்கொண்டால் இரண்டு மரபணுக்களும் ஒன்றாகிவிடும். அந்த ஒரு செல்லின் வாரிசுகளில் மட்டும்தான் இந்த இணைவு இருக்கும். உங்கள் மகனின் தோலில், மூளையில், ஈரல் செல்களில் அது கிடையாது. அவன் வளர்ந்து திருமணம் செய்து குழந்தை பெற்றாலும் அந்தக் குழந்தைக்கு இது போகாது. மரபணுவில் கோளாறு என்றாலே பரம்பரைக் கோளாறு என்று நினைத்துக்கொள்வதுதான் உங்கள் வீட்டுப் பேச்சின் வேர். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் எதை எடுத்துப் பார்த்தாலும் செல்லுக்குள் மரபணுக் கோளாறு இருக்கும். பெற்றோரிடமிருந்து வந்த கோளாறு இருப்பதோ மிகச் சிலரிடம் மட்டும்தான்.

இது ஊகம் இல்லை, நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு அட்டையில் உலர்த்தி வைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வளர்சிதை மாற்ற நோய்களைக் கண்டறிய ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-களில் கொண்டுவந்த முறை அது. லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் மெல் கிரீவ்ஸ் குழுவினர் இந்தப் பழைய அட்டைகளைத் தேடி எடுத்தார்கள். பின்னாளில் லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், வந்த குழந்தைகள் பிறந்தபோது எடுத்த ரத்தச் சொட்டில் அதே மரபணு இணைவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் வகையில் 1997-லும், உங்கள் மகனுக்கு இருக்கும் ஈடிவி6-ரன்எக்ஸ்1 வகையில் 1999-லும் அது இருப்பதை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதில் வெளிப்பட்ட நோயின் முதல் விதை, பிறந்த அன்றே ரத்தத்தில் இருந்திருக்கிறது.

"அப்படியானால் பிறவியிலேயே வந்ததுதானே, பரம்பரைதானே?" என்று உடனே தோன்றும். பிறவியில் இருப்பது வேறு, பரம்பரையாக வருவது வேறு. இதைத் தெளிவாக்கியவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் இருவருக்குமே லுக்கேமியா வந்த நிகழ்வுகள் நெடுங்காலமாகப் பதிவாகியிருந்தன. பரம்பரைக்கு இது சான்று என்றே பலர் நினைத்தார்கள். 1993-ல் அப்படிப்பட்ட கைக்குழந்தை இரட்டையரின் செல்களை ஆராய்ந்தபோது, இருவரிடமும் குரோமோசோம் துல்லியமாக ஒரே இடத்தில் உடைந்திருப்பது தெரிந்தது. பெற்றோரின் ரத்தத்தில் அது இல்லை. ஒவ்வொரு குழந்தையிலும் உடைப்பு தனித்தனியாக நடந்திருந்தால் இடம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாது. கருவில் ஒரு குழந்தையின் ஒரு செல்லில் உடைப்பு நடந்து, இருவரும் பகிர்ந்துகொள்ளும் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் வழியாக அந்தச் செல் மற்றவருக்குப் போயிருக்கிறது என்பதுதான் விளக்கம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிராத அக்காவுக்கும் தம்பிக்கும் இது பொருந்தாது.

இன்னும் முக்கியமான ஒன்றும் இந்த இரட்டையர்களிடமிருந்துதான் தெரிந்தது. ஈடிவி6-ரன்எக்ஸ்1 வகையில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம்தான். இருவரிடமும் அதே செல்கள் இருந்தும், பத்தில் ஒன்பது பேர் தப்பித்துவிடுகிறார்கள். 2008-ல் ஓர் இரட்டையர் ஜோடியை ஆராய்ந்தபோது, நோய் வந்த குழந்தையின் ஆரோக்கியமான சகோதரியிடமும் அந்த இணைவு கொண்ட செல்கள் இருந்தன. ஆனால் அவளுக்கு நோய் இல்லை. ஆக, இணைவு மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நூறில் ஒரு குழந்தை இந்த இணைவோடு பிறப்பதாகக் கணக்கிட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் இதைவிடக் குறைவாகவும் அதிகமாகவும் சொல்லியிருக்கின்றன. அந்த முதல் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், இணைவோடு பிறக்கும் நூறு குழந்தைகளில் 99 பேர் எதுவும் தெரியாமலே வளர்ந்துவிடுகிறார்கள்.

மீதமுள்ள ஒருவருக்கு மட்டும் என்ன நடக்கிறது? இரண்டாவதாக ஓர் அடி விழ வேண்டும். நம் வெள்ளணுக்கள் ஆயிரக்கணக்கான கிருமிகளுக்கு ஏற்ற ஆன்டிபாடிகளைத் தயாரிக்கத் தங்கள் மரபணுவையே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. அதற்கென்று ராக் என்ற நொதி இருக்கிறது. ஏற்கெனவே இணைவு உள்ள செல்லில் இந்த நொதி வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிவிடும்போது நோய் முழுமை அடைகிறது என்பதை, லுக்கேமியா செல்களின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வெட்டப்பட்ட இடங்கள் பலவற்றில் அந்த நொதியின் தடயம் இருந்தது. தொற்றுகளுக்கு உடல் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்பது இங்கே உள்ளே வருகிறது. பிறந்த முதல் ஆண்டில் போதுமான சாதாரணத் தொற்றுகளைச் சந்திக்காத குழந்தைக்கு, பிறகு தொற்று வரும்போது எதிர்வினை அளவுக்கு மீறிப் போய் இந்த இரண்டாம் அடியைத் தூண்டலாம் என்பது கிரீவ்ஸ் 1988-லிருந்து முன்வைத்துவரும் கருத்து. சிறு வயதிலேயே குழந்தைகள் காப்பகத்துக்குப் போனவர்களிடம் ஏ.எல்.எல். சற்றுக் குறைவு என்ற ஆய்வுகள் இதற்கு ஆதரவாக இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு "பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்ததால் வந்ததோ" என்று புதிதாக ஒரு குற்ற உணர்வை ஏற்றிக்கொள்ளாதீர்கள். மக்கள்தொகை அளவில் தெரியும் ஒரு சாய்வை வைத்து, ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களுக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் இரண்டு முற்றிலும் வேறான வழிகளில். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் தேவையில்லாத பயமும், இன்னொரு பக்கம் தேவையில்லாத அலட்சியமும் வருகின்றன.

முதல் வழி மிகச் சாதாரணமானது, நம் எல்லோரிடமும் இருப்பது. 2009-ல் பிரிட்டனிலிருந்து ஒரு குழுவும் அமெரிக்காவிலிருந்து ஒரு குழுவும், ஏ.எல்.எல். வந்த குழந்தைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் மற்றவர்களோடு ஒப்பிட்ட முடிவுகளை ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஒன்றையொன்று சாராத இரண்டு ஆய்வுகளும் ஏஆர்ஐடி5பி, ஐகேஇசட்எஃப்1 ஆகிய அதே இரண்டு மரபணுக்களின் பகுதியைக் காட்டின. பிரிட்டன் குழு சிஇபிபிஇ என்ற மூன்றாவதையும் கண்டது. இவை எல்லாம் வெள்ளணுக்கள் முதிர்ச்சி அடைவதை ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள். அதனால் முடிவுகளில் உயிரியல் பொருத்தமும் இருந்தது. அதன் பிறகு காட்டா3 உட்பட இன்னும் பல இடங்கள் சேர்ந்தன. காட்டா3-இல் உள்ள மாற்றம் அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி கொண்டவர்களிடம் அதிகம். லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளிடம் ஏ.எல்.எல். கூடுதலாக வருவதற்கு ஒரு பகுதிக் காரணம் இப்படித்தான் விளங்கியது.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் அபாயத்தைச் சுமார் ஒன்றரை மடங்குதான் உயர்த்துகின்றன. ஒன்றரை மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். வளர்ந்த நாடுகளின் கணக்கில் 15 வயதுக்குள் ஏறத்தாழ 2000 குழந்தைகளில் ஒருவருக்கு ஏ.எல்.எல். வருகிறது. ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 1300-இல் ஒருவர். இந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் வாழ்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நானும் ஒருவனாக இருக்கலாம், இதைப் படிப்பவரும் இருக்கலாம். ஆகவே இந்த மாற்றங்களைச் சோதித்து ஒரு குழந்தைக்கு நோய் வருமா வராதா என்று சொல்ல முடியாது. எந்த மருத்துவரும் சிகிச்சைக்காக இதைக் கேட்பதில்லை. நோய் எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள இவை அருமையான கண்டுபிடிப்புகள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளை வைத்து நடந்தவை. இந்தியக் குழந்தைகளை வைத்துப் பெரிய அளவில் இதே வேலை நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2009-க்கு முன்பு, ஃபோலேட் சத்தைக் கையாளும் எம்டிஹெச்எஃப்ஆர் மரபணு, நச்சை வெளியேற்றும் ஜிஎஸ்டி மரபணுக்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, சில நூறு குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வுகள் ஏராளம். ஒன்று அபாயம் என்றது, அடுத்தது பாதுகாப்பு என்றது. பெரிய ஆய்வுகளில் இவற்றில் பெரும்பாலானவை நிற்கவில்லை. ஆனால் இணையத்தில் அந்தப் பழைய கட்டுரைகள் இன்னும் உலவுகின்றன, அவற்றைக் காட்டி "கேன்சர் ரிஸ்க் ஜீன் டெஸ்ட்" விற்பவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சைக்குச் சேர்த்துவைத்த பணத்தை அதில் போடாதீர்கள்.

இரண்டாவது வழிதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. சில அரிய பிறவி மாற்றங்கள் ஒரு மரபணுவிலேயே அபாயத்தைப் பல மடங்கு உயர்த்திவிடும். 2015-ல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை, புற்றுநோய் வந்த 1120 குழந்தைகளின் பிறவி மரபணுக்களைப் படித்தது. எல்லாப் புற்றுநோய்களும் சேர்த்து 8.5 சதவீதத்தினரிடம் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பிறவி மாற்றம் இருந்தது. லுக்கேமியா குழந்தைகளில் மட்டும் பார்த்தால் 4.4 சதவீதம். அதாவது இருபதில் ஒரு குழந்தைக்கும் குறைவு. அந்தக் குழந்தைகள் யார் என்று கண்டுபிடிப்பது மிக முக்கியம், ஏனென்றால் சிகிச்சையே மாறக்கூடும்.

எல்லாவற்றிலும் நன்கு அறியப்பட்டது டவுன் சின்ட்ரோம். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் இந்தக் குழந்தைகளுக்கு ஏ.எல்.எல். வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 20 மடங்கு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உருவாக்கும் செல்களிலிருந்து எழும், ஏ.எல்.எல். அல்லாத ஒருவகை மைலாய்ட் லுக்கேமியாவோ நூற்றுக்கணக்கான மடங்கு. இங்கே நோய் படிப்படியாக உருவாவதைக் கண்முன்னே பார்க்க முடியும். கூடுதல் குரோமோசோம் உள்ள கருக்கள் சிலவற்றின் ஈரல் செல்களில் காட்டா1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் நடக்கிறது. இது 2002-ல் தெரியவந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குப் பிறந்த சில நாட்களில் ரத்தத்தில் புற்றுநோய் போலவே தோன்றும் செல்கள் நிறைந்திருக்கும். பெரும்பாலும் அது சில மாதங்களில் தானாக மறைந்துவிடும். இப்படி இருந்தவர்களில் 20 முதல் 30 சதவீதக் குழந்தைகளுக்கு மட்டும், மேலும் சில மாற்றங்கள் சேர்ந்து, 4 வயதுக்குள் உண்மையான லுக்கேமியாவாகத் திரும்பி வருகிறது. இதில் மனதுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அந்த மைலாய்ட் லுக்கேமியா, மற்றக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவு கீமோவிலேயே நன்றாகக் குணமாகிறது. மருந்தைக் கூட்டினால்தான் ஆபத்து. ஆகவே டவுன் சின்ட்ரோம் குழந்தை பிறந்தால் முதல் சில நாட்களுக்குள் ஒரு முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். நம் ஊரில் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் இது விட்டுப்போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மிக மலிவான பரிசோதனை அது.

அடுத்து டிபி53 என்ற மரபணு. இதில் பிறவி மாற்றம் இருக்கும் குடும்பங்களில் மார்பகம், எலும்பு, மூளை, அட்ரீனல் சுரப்பி என்று பல இடங்களில் இளம் வயதிலேயே புற்றுநோய் வரும். லி, ஃபிராமெனி என்ற இரு மருத்துவர்கள் 1969-ல் விவரித்ததால் லி-ஃபிராமெனி சின்ட்ரோம் என்று பெயர். ஏ.எல்.எல்.-இல் ஒரு சிறு பிரிவில், புற்றுநோய்ச் செல்லின் குரோமோசோம் எண்ணிக்கை 46-லிருந்து 40-க்குக் கீழே இறங்கியிருக்கும். அப்படி 32 முதல் 39 வரை இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் லுக்கேமியாவில் டிபி53 பழுதாகியிருப்பதும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்தப் பழுது பிறவியிலேயே இருப்பதும் 2013-ல் தெரிந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் "லோ ஹைப்போடிப்ளாய்ட்" என்று இருந்தால், குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் மரபியல் ஆலோசனை கேட்டே ஆக வேண்டும்.

ரன்எக்ஸ்1, ஈடிவி6 இரண்டிலும்கூடப் பரம்பரையாக வரும் மாற்றங்கள் உண்டு. இந்த இடத்தில் நீங்கள் குழம்ப வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருப்பதும் அதே இரண்டு பெயர்கள். அங்கே இருப்பது இரண்டும் உடைந்து ஒட்டிய இணைவு, புற்றுநோய்ச் செல்லில் மட்டும் நடந்தது. பரம்பரையாக வருவதோ அந்த மரபணுக்களில் ஒன்றின் உள்ளே நடக்கும் சிறு எழுத்துப் பிழை போன்ற மாற்றம், உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பது. அப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு தடயம் தெரியும்: தட்டணுக்கள் எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கும், சின்ன அடிக்கும் கன்றிப்போகும், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகும். பாக்ஸ்5, ஐகேஇசட்எஃப்1 ஆகிய மரபணுக்களிலும் குடும்பம் குடும்பமாக ஏ.எல்.எல். வரக் காரணமான மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பாக்ஸ்5 மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள எலிகளைக் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத சூழலில் வளர்த்தபோது நோய் வரவில்லை. சாதாரணக் கிருமிகள் உள்ள கூண்டுக்கு மாற்றியதும் அவற்றில் சிலவற்றுக்கு லுக்கேமியா வந்தது. ஸ்பெயினில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இது. பிறவி மாற்றமும் தொற்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறில்லை.

இனி உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. இந்தியாவிலேயே மிக அதிகமாக இருக்கும் மாநிலங்களில் நாமும் ஒன்று. சொந்தத்தில் மணப்பது எந்தவகை நோயின் வாய்ப்பைக் கூட்டும்? தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால் மட்டும் வரும் நோய்களின் வாய்ப்பை. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள அப்படிப்பட்ட நோய்கள் சில உண்டு. ஃபான்கோனி அனீமியா ஒன்று: உயரம் குறைவு, கட்டைவிரலோ முன்கையோ சரியாக வளராதது, தோலில் காப்பி நிறத் திட்டுகள், பள்ளி செல்லும் வயதில் மூவகை ரத்த அணுக்களும் குறைவது, பிறகு பெரும்பாலும் மைலாய்ட் லுக்கேமியா. அட்டாக்ஸியா டெலஞ்சியெக்டேசியா இன்னொன்று: நடக்கப் பழகும் வயதிலேயே தள்ளாட்டம், கண் வெள்ளையில் விரிந்த சிவப்பு ரத்தக் குழாய்கள், அடிக்கடி சளித் தொற்று. புளூம் சின்ட்ரோம், மரபணுப் பிழையைத் திருத்தும் அமைப்பே பிறவியில் இல்லாமல் போகும் நோய் ஆகியவையும் இந்த வகைதான். இந்தக் குழந்தைகளின் செல்கள் மரபணுச் சேதத்தைச் சரிசெய்ய முடியாதவை என்பதால், ஃபான்கோனியில் வழக்கமான கீமோவும் அட்டாக்ஸியாவில் கதிர்வீச்சும் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் பெற்றோர் சொந்தமா என்று மருத்துவர் முதல் நாளே கேட்கிறார். அந்தக் கேள்வி உங்களைக் குற்றம் சாட்ட அல்ல, உங்கள் குழந்தைக்குப் பாதுகாப்பான மருந்தைத் தேர்ந்தெடுக்க.

உங்கள் மகன் நோய் வரும்வரை வயதுக்கேற்ற உயரத்தோடு, நன்றாக ஓடியாடி, அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வந்திருப்பது குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகைகளில் ஒன்று. சொந்தத்தில் மணக்கும் வழக்கமே இல்லாத ஐரோப்பிய நாடுகளில் ஏ.எல்.எல். குழந்தைகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு இதே இணைவு இருக்கிறது. இந்த ஒரு தகவலை உறவினர்களிடம் சொல்லுங்கள். சொன்னாலும் கேட்காதவர்களிடம் விவாதிக்க வேண்டாம், இப்போது உங்கள் தெம்பு முழுவதும் பிள்ளைக்குத் தேவை. பழியைச் சுமப்பவர் எப்போதும் தாயாகவே இருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. உங்கள் கணவர் இதைப் படித்தால், வீட்டில் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறவி மரபணுச் சோதனை யாருக்குத் தேவை? பெற்றோர், உடன்பிறந்தோர், அத்தை, மாமா என்று நெருங்கிய உறவில் இளம் வயதுப் புற்றுநோய் இருந்தால். ஒரே குழந்தைக்கு இரண்டு வெவ்வேறு புற்றுநோய் வந்தால். வளர்ச்சிக் குறைபாடோ பிறவிக் குறைபாடோ காப்பி நிறத் திட்டுகளோ இருந்தால். குடும்பத்தில் காரணம் தெரியாத தட்டணுக் குறைவு இருந்தால். கீமோ எதிர்பாராத அளவு கடுமையாகத் தாக்கினால். மேலே சொன்ன குறைந்த குரோமோசோம் வகையாக இருந்தால். சோதனைக்கு என்ன மாதிரி எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். லுக்கேமியா இருக்கும்போது ரத்தத்திலும் எச்சிலிலும் நோய்ச் செல்கள் கலந்திருக்கும். பிறவி மாற்றமா, புற்றுநோயின் மாற்றமா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து வளர்த்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. அது முடியாதபோது, நோய் அடங்கிய பிறகு எடுக்கும் ரத்தத்தைப் பயன்படுத்துவார்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். நம் ஊரில் முதலில் தேடுவது உடன்பிறந்தவரின் மஜ்ஜையைத்தான். குடும்பத்தில் ரன்எக்ஸ்1 அல்லது காட்டா2 மரபணுவில் மாற்றம் ஓடிக்கொண்டிருந்தால், ஆரோக்கியமாகத் தெரியும் அண்ணனிடமும் அது இருக்கலாம். அந்த மஜ்ஜையைக் கொடுத்தால் பின்னாளில் அதிலிருந்தே புதிய லுக்கேமியா கிளம்பக்கூடும், அப்படி நடந்தும் இருக்கிறது. உங்கள் மகனின் வகை கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுவது. பெரும்பாலானவர்களுக்கு மாற்று சிகிச்சை தேவைப்படுவதில்லை.

மகளைப் பற்றி. நோய் வந்த குழந்தையின் உடன்பிறந்தோருக்கு அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று பெரிய பதிவேடுகள் காட்டுகின்றன. 2000-இல் ஒன்று என்பதை மூன்றால் பெருக்கினாலும், ஆயிரம் குழந்தைகளில் 998 பேருக்கு வராது. அவளுக்கு 7 வயது முடிந்திருப்பதால், ஏ.எல்.எல். உச்சத்தில் இருக்கும் 2 முதல் 5 வயதையும் தாண்டிவிட்டாள். ஆண்டுக்கொரு முறை, ஆறு மாதத்துக்கொரு முறை என்று அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்வதால் எந்தப் பயனும் இல்லை. அப்புறம், அவள் தம்பியோடு தட்டைப் பகிர்வதால், பக்கத்தில் படுப்பதால் இது ஒட்டாது. அவளிடமே இதைச் சொல்லிவிடுங்கள், இந்த வயதுக் குழந்தைகள் கேட்காமலே உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்த குழந்தை விஷயத்தில் உங்களை ஒரு விளம்பரம் தேடி வரும்: தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தால், நாளை அந்தக் குழந்தைக்கே லுக்கேமியா வந்தால் உதவும் என்று. மேலே சொன்ன ரத்தச் சொட்டு அட்டைகளை நினைத்துப் பாருங்கள். நோயின் விதை பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிறது என்றால், தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே விதை இருக்கலாம். அதையே திரும்பச் செலுத்த எந்த மருத்துவரும் விரும்பமாட்டார். இந்தக் காரணத்துக்காகப் பணம் கட்ட வேண்டாம்.

கடைசியாக, பெற்றோரிடமிருந்து வரும் ஒரு மரபணு மாற்றம் உங்கள் மகனுக்கு நிஜமாகவே முக்கியமாக இருக்கலாம். அது நோயைப் பற்றியது அல்ல, மருந்தைப் பற்றியது. தீவிரக் கட்டம் முடிந்ததும் மெயின்டனன்ஸ் என்ற நீண்ட கட்டத்தில் தினமும் 6-எம்.பி. (மெர்காப்டோபியூரின்) மாத்திரை கொடுப்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் கெர்ட்ரூட் எலியன் உருவாக்கிய மருந்து, அவருக்கு 1988-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த பணிகளில் ஒன்று, இன்றும் இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு. இதை உடல் எப்படிக் கையாளும் என்பதை டிபிஎம்டி, என்யூடிடி15 என்ற இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஐரோப்பியர்களிடம் டிபிஎம்டி மாற்றம்தான் பேசப்பட்டது. ஆசியர்கள் சிலருக்கு அது சரியாக இருந்தும் வெள்ளணுக்கள் ஏன் சரிகின்றன என்று தேடியபோது, 2014-15-ல் என்யூடிடி15 கிடைத்தது. இந்தியர்களிடம் இந்த இரண்டாவதுதான் அதிகம். பழுதான பிரதி ஒன்று இருந்தால் மருந்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டும் பழுதானால் வழக்கமான அளவில் ஒரு சிறு பங்கே போதும், முழு அளவு கொடுத்தால் மஜ்ஜை முடங்கி, கடுமையான தொற்றில் போய் முடியும்.

பெற்றோர் சொந்தமாக இருக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் சேர்ந்துவிடும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் திருமண உறவு பொருட்படுத்தத்தக்கதாகும் இடம் இதுதான். மெயின்டனன்ஸ் தொடங்கும் முன் "என்யூடிடி15, டிபிஎம்டி டெஸ்ட் செய்யலாமா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பல மையங்களில் இதைச் செய்கிறார்கள். முடிவில் மாற்றம் இருந்தால் அதன் பிரதியை மகளின் மருத்துவக் கோப்பிலும் வைத்துவிடுங்கள். இதே குடும்ப மருந்தான அசத்தயோபிரின் பின்னாளில் வேறு நோய்களுக்குக் கொடுக்கப்படுவதுண்டு, அப்போது அவளுக்கும் சோதித்துப் பார்க்க அது நினைவூட்டும்.

டெஸ்ட் வசதி கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. தொடக்கத்தில் வாராவாரம் ரத்த எண்ணிக்கை பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டிக் குறைப்பார். எண்ணிக்கை சரிந்தாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அன்றே போன் செய்து கேளுங்கள். எண்ணிக்கை நன்றாக இருந்து, குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் மாத்திரை மறந்துபோகும். எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளே போன குழந்தைகளிடம் நோய் திரும்புவது அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ராத்திரி ஒரே நேரத்தில் கொடுங்கள், காலண்டரில் டிக் போடுங்கள். அந்த டிக் போடும் வேலையை மகளுக்குக் கொடுத்தால் அவளும் சந்தோஷமாகச் செய்வாள்.